கால்மாட்டுக் கம்பளி

ஐஸ் பெட்டி நின்றுபோன அன்று காலையில் அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

வீரம்மா. இறந்தவரின் மனைவி.

தங்கவேலு. இறந்தவரின் தம்பி.

ராசாத்தி. பக்கத்து வீட்டுக்காரி. வீரம்மாவை ஒரு வாய் காபி குடிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டுக்காரர்கள் இரண்டு பேர். மழைக்குத் தோலை மூடி வைத்துவிட்டுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

நான். பெட்டி கொண்டுபோனவன்.

சின்னக்காளை. பெட்டிக்குள்ளே.

இருக்க வேண்டிய ஒருத்தி மட்டும் இல்லை. மகள் ஈஸ்வரி. ஒரே பிள்ளை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்கு உள்ளே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தாள். அவளுக்காகத்தான் பெட்டி.

பந்தல், ஒலி ஒளி வாடகைக்காரர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். வேலையை விட்டு நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஆறாவது வரைதான் படிப்பு. பேசுகிற மாதிரியே எழுதுங்க என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் கடைக்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. உள்ளே சூடு ஏறினால் கடைக்காரர் போனில் மணி அடிக்கும். முதலாளியின் மகன் அடித்துக் காட்டினார். நல்ல பொருள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சின்னக்காளை வீடுதான் ஞாபகம் வந்தது. வேறு எதை எழுதினாலும் அதை எழுதாமல் இருக்க முடியாது.

முதலில் நான் போடியில் ஐஸ் கம்பெனியில் இருந்தேன். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர். அதற்குள் தகரக் கூடு. கூட்டுக்குள் நல்ல தண்ணீர். விடிவதற்குள் பாளம் ஆகிவிடும். சோடாக் கடைக்கும் மீன் கடைக்கும் தூக்கிப் போடுவேன். எப்போதாவது சாவு வீட்டுக்கும் போகும். பெரிய வீடாக இருந்தால் மட்டும். பிறகு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் கேஸ் அடிக்கக் கற்றுக்கொண்டேன். சீனி முதலாளி பந்தல் கடை வைத்திருந்தார். அவர் முதல் ஐஸ் பெட்டி வாங்கியபோது, கேஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போகவில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால் எப்படி என்றால், காலையில் போன உயிருக்குச் சாயங்காலம் காடு. அதற்கு மேல் வைக்க முடியாது. மலையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஜீப்பில் சொல்லி அனுப்புவார்கள். ஜீப்புக்காரர் செத்துப் போனதைச் சொல்ல மாட்டார். "ஒங்கப்பனுக்கு ரொம்ப முடியல, வெரசா கெளம்பு" என்பார். அதைக் கேட்டவுடனே ஆளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் தெரியாத மாதிரியே வண்டியில் ஏறி உட்காருவார்கள். வந்து சேரும்போது வீடு கழுவி விட்டிருக்கும். மலைக்கு வேலைக்குப் போனவர்கள் பாதிப் பேர் அப்பன் ஆத்தா முகத்தைக் கடைசியாகப் பார்த்ததில்லை.

பிறகு கையில் போன் வந்தது. செய்தி உடனே போனது. உடம்பு காத்திருக்கவில்லை. அதனால் அழுகைதான் கூடியது. செத்த நிமிசமே தெரியும், ஆனால் வந்து சேர முடியாது.

அதற்குப் பிறகுதான் பெட்டி.

முதலில் யாரும் எடுக்கவில்லை. "செத்தவர ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கவா? அவரு என்ன கத்திரிக்காயா?" என்று ஒரு அம்மா என்னைத் தெருவிலேயே திருப்பி அனுப்பினார். அதே அம்மாவின் வீட்டுக்கு ரெண்டு வருசம் கழித்துப் பெட்டி கொண்டுபோனேன். மகன் துபாயில் இருந்தான். பிறகு எல்லா வீட்டுக்கும் போனது. பெட்டி வைக்காத வீட்டில், "ஒரு பெட்டிகூட வைக்கலையா?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

வேறு ஒன்றும் வந்தது. எத்தனை நாள் வைப்பது என்று சண்டை. பெரியவன் இன்றைக்கே எடுக்கணும் என்பான். சின்னவன் அக்கா வரட்டும் என்பான். பெட்டி வருவதற்கு முன்னால் இதை யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வெயில் முடிவு செய்தது. இப்போது மனுசன் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெட்டியால் மூஞ்சி பார்க்காமல் போன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

சீனி முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டார். சாவு வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. வெற்றிலை பாக்கு, பீடி கூடாது. வண்டியில் பாட்டுப் போடக் கூடாது. பெட்டியை இறக்கும்போது "தூக்குடா, தள்ளுடா" என்று கத்தக் கூடாது, கண்ணாலேயே பேசிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு முதல் வாரம் வாய் தவறி வந்துவிட்டது. முதலாளி வெளியே வந்து, "எதுக்கு வர்றே? இன்னொருத்தர எடுக்கவா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தவறவில்லை.

ஒரு தடவை ஒரு பெரிய வீட்டில் பெட்டியை வாசலிலேயே நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் கேட்டார்.

"சீனி, இந்தப் பெட்டி இதுக்கு முந்தி எந்தத் தெருவுக்குப் போயிருந்துச்சு?"

"நேத்து கடையிலதான் இருந்துச்சுங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி கம்பெனியில இருந்துச்சு."

அவரும் சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரித்ததற்காகத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். முந்தின வாரம் அந்தப் பெட்டி எந்தத் தெருவில் இருந்தது என்று எனக்கும் முதலாளிக்கும் தெரியும்.

இனி பெட்டி வைக்கிற முறை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தரை சமமாக இருக்க வேண்டும். சாய்வு இருந்தால் அட்டை வைத்து நிமிர்த்த வேண்டும். தனிப் பிளக். சீரியல் செட், மைக் செட் போகிற ஒயரில் கொடுக்கக் கூடாது. ஸ்டெபிலைசர் வைத்துத்தான் போட வேண்டும். உடம்பை வைப்பதற்கு முன்னால் வெறும் பெட்டியை ஓடவிட்டு, மீட்டர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரில் சிவப்பு எண் தெரியும். நாலு வந்தால் சரி. அதற்குப் பிறகுதான் உடம்பு. மேலே கண்ணாடி மூடி. கற்பூரம், விளக்கு எதையும் மூடிமேல் வைக்கக் கூடாது. மோட்டார் கால்மாட்டில் இருக்கும். அங்கே சன்னல் மாதிரிக் கம்பி அடித்திருக்கும். உள்ளே இருக்கிற சூட்டைப் பெட்டி அந்த வழியாகத்தான் வெளியே தள்ளும். அதை அடைக்கக் கூடாது. சுவரோடு ஒட்டக் கூடாது. மாலைகளை அங்கே குவிக்கக் கூடாது. அடைத்தால் மோட்டார் மூச்சு முட்டி நின்றுவிடும்.

பெட்டி திரும்பி வந்த பிறகு கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. முன்னெல்லாம் பொம்பளைகள் செத்தவர் தாடையைப் பிடித்து அழுவார்கள். நெஞ்சில் விழுவார்கள். பெட்டி வந்த பிறகு கண்ணாடியில் விழுகிறார்கள். உள்ளங்கை, நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் எண்ணெயாகப் பதிந்திருக்கும். குங்குமம் ஒட்டியிருக்கும். குழந்தைக் கை சின்னதாக ஓரத்தில் இருக்கும். சோப்புத் தண்ணீர் ஒரு தடவை, வெறும் தண்ணீர் ஒரு தடவை, பிறகு பேப்பர் வைத்துத் துடைத்தால் போய்விடும். நான் துடைக்கும்போது யாரோடும் பேச மாட்டேன்.

என்னைக் கண்டால் தெருவில் பிள்ளைகள் ஓடும். கல்யாண வீட்டுப் பந்தலுக்கு முதலாளி என்னை அனுப்பவே இல்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்று சொன்னோம். பொய் இல்லை.

சின்னக்காளை விசயத்துக்கு வருகிறேன்.

அவரும் வீரம்மாவும் வாழ்நாள் முழுக்க மலையில் இருந்தவர்கள். சின்னக்காளை ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு, கவாத்து, காய் சுமக்கிற வேலை எல்லாம் பார்த்தவர். கடைசியில் மூச்சு இழுப்பு வந்துவிட்டது. குளிர் ஆகாது, கீழே போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். ராசிங்காபுரத்தில் தம்பி வீட்டுப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வந்தார்கள். மகளும் மருமகனும் மேலேயே இருந்தார்கள். கீழே வந்த பிறகும் அவருக்கு இழுப்பு விடவில்லை. சித்திரை வெயிலில்கூடத் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாராம்.

அவர் இறந்தது ஐப்பசியில், ஒரு மத்தியானம். நல்ல மழை. ஈஸ்வரிக்கு உடனே போன் போட்டுவிட்டார்கள். நான் சாயங்காலம் பெட்டி கொண்டுபோனேன். அதற்குள் போடிமெட்டுப் பாதையில் பாறை விழுந்து ரோடு அடைபட்டது. நெடுங்கண்டம் சுற்றி கம்பம்மெட்டு வழியாக வரலாம் என்றால் அங்கேயும் மரம் விழுந்து கிடந்தது.

பெட்டியை ஓடவிட்டு, நாலு வந்ததும் நானும் தங்கவேலுவும் அவரைத் தூக்கி வைத்தோம். கனமே இல்லை. மூடியை மூடும்போது வீரம்மா கையில் ஒரு கம்பளியோடு வந்தார். கறுப்புக் கம்பளி. ஓரத்தில் சிவப்புக் கோடு.

"தம்பி, இத அவரு மேல போட்டு மூடு."

"உள்ள போடக் கூடாது ஆத்தா. கம்பளி போட்டா குளிரு ஒடம்புக்கு எறங்காது."

"அதுக்குத்தானப்பா போடச் சொல்றேன்."

மூடியைச் சரியாகப் பொருத்தினேன்.

"குளிர கொஞ்சம் கொறைச்சு வைக்க முடியாதா? அவருக்கு இழுப்பு இருக்கு."

"கொறைச்சா மக வர்ற வரைக்கும் தாங்காது ஆத்தா."

"ஈஸ்வரி வந்துருவாளா?"

"ரோட்ட எடுத்துட்டா வந்துரும்."

கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அடைக்கக் கூடாத இடத்தை எல்லாருக்கும் காட்டிச் சொன்னேன். தங்கவேலு தலையாட்டினார். ராசாத்தி தலையாட்டினாள். வீரம்மாவுக்கும் சொன்னேன். அவர் பெட்டிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் ரோடு திறக்கவில்லை. தங்கவேலு எடுத்துவிடலாம் என்றார். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து மழையில் நனைந்து நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கொட்டுக்காரர்களுக்கு அடுத்த வீடு இருந்தது. வீரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அவ வரட்டும்."

"அண்ணி, மழ எப்ப விடும்னு யாருக்குத் தெரியும்?"

"அவ வரட்டும்."

தங்கவேலு என்னைப் பார்த்தார். "பெட்டி தாங்குமாய்யா?"

"தாங்கும்" என்றேன். தாங்கும்தான். அதில் பொய் இல்லை.

அன்று ஈஸ்வரி வீடியோவில் வந்தாள். ராசாத்தி போனைக் கண்ணாடிக்கு மேலே பிடிக்கப் போனாள். போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"காட்டாதீங்க அக்கா. போன்ல காட்டாதீங்க. நான் வந்து பாக்குறேன். எங்க அப்பாவ நான் நேர்ல பாக்குறேன்."

ராசாத்தி போனைத் திருப்பி வீரம்மாவைக் காட்டினாள். பிறகு டவர் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் பொட்டிபுரத்தில் இன்னொரு பெட்டியை வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். வண்டியை நிறுத்தியதும் சத்தம் கேட்கவில்லை. எங்களுக்கு முதலில் காதுதான். சாவு வீட்டில் எத்தனை பேர் அழுதாலும் பெட்டி சத்தம் தனியாகக் கேட்கும். அது இல்லை. கொட்டும் அடிக்கவில்லை. மழை மட்டும்.

உள்ளே போனேன். வீரம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மூணு நாளாகத் தூக்கம் இல்லை. தங்கவேலு வாசல் பக்கம் திரும்பி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ராசாத்தி டம்ளரோடு அடுப்படிக்குள் போனாள். நான் சொன்னதை இவர்கள் மறந்ததாகச் சொல்ல மாட்டேன். அடைக்கக் கூடாத இடத்தில் இருந்த கறுப்புத் துணியை யாரும் துணியாகப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அது எப்போதும் அவர் மேல் கிடந்தது.

கம்பளி கால்மாட்டில் கிடந்தது. சும்மா கிடக்கவில்லை. ரெண்டு பக்கமும் இழுத்து, அடியில் செருகி விட்டிருந்தது. தொட்டிலில் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. மோட்டார் கம்பி முழுக்க மூடியிருந்தது.

எடுத்தேன். சூடு முகத்தில் அடித்தது. கருகின வாடை. மீட்டரைப் பார்த்தேன். பத்தொன்பது.

வீரம்மா கண் திறந்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. சாரல் அடிக்குது. நனையப் போகுது, நீ வச்சுக்க."

கம்பளியை மடித்து அவர் மடியில் வைத்தேன்.

"அவருக்குக் கால்தான் மொதல்ல குளிரும். அதான் போட்டேன்" என்றார்.

"சரி ஆத்தா."

தங்கவேலு போனை வைத்துவிட்டு வந்தார். "என்னய்யா, சத்தத்தையே காணோம்?"

"வோல்டேஜ் ஏறி எறங்கியிருக்கு. மோட்டார் நின்னுருச்சு."

"ஸ்டெபிலைசர் வச்சியே?"

"அதையும் மீறிருச்சு."

"ஓட்டப் பெட்டியக் கொண்டாந்து வச்சுட்டு, தாங்கும் தாங்கும்னியேடா! வாடகைய மட்டும் மொதல்லயே கேக்கத் தெரியுதுல்ல!"

முதலாளி ஒரு நாளும் வாடகையை முதலில் கேட்டதில்லை. அதை நான் சொல்லவில்லை. கொட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லார் முன்னாலும் அவர் என்னைத் திட்டினார். நான் குனிந்து மோட்டாரை ஆறவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு உறுமல். நின்றுவிட்டது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற காயில் கருகிவிட்டது.

முதலாளிக்குப் போன் போட்டேன். எங்கள் மற்றப் பெட்டி ரெண்டும் வெளியே இருந்தன. தேனியில் கேட்டார். சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

அந்த நேரம் ஈஸ்வரி போன் வந்தது. ராசாத்தி எடுத்து எங்களுக்குச் சொன்னாள். பாறை விழுந்த இடத்தில் போலீஸ் வண்டி விடவில்லை. ஈஸ்வரியும் புருசனும் ஜீப்பை விட்டு இறங்கி, காட்டு வழியாக நடந்து இறங்குகிறார்கள். அப்பாவை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாளாம்.

தங்கவேலு சத்தம் போடுவதை நிறுத்தினார். பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

"என்னய்யா செய்யலாம்?"

"ஐஸ் கொண்டாறேன்" என்றேன்.

நான் முதலில் வேலை பார்த்த ஐஸ் கம்பெனிக்கே போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மீனுக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பாளம் ஏற்றிக்கொண்டு, வழியில் ரைஸ் மில்லில் உமி ரெண்டு சாக்கு வாங்கினேன். உடம்புக்கு அடியில் பாலித்தீன் விரித்து, ரெண்டு விலாவிலும் பாளம், தலைக்கு மேலே ஒன்று, காலுக்குக் கீழே ஒன்று. மேலே சாக்கு, சாக்குமேல் உமி. கண்ணாடி மூடியையும் துணி போட்டு மூடினேன். பெட்டி வருவதற்கு முன்னால் பெரிய வீடுகளில் இப்படித்தான் செய்தோம்.

வேலை செய்யும்போது முகத்தைப் பார்த்தேன். ராத்திரியிலிருந்தே குளிர் குறைந்திருக்க வேண்டும், முகம் ஊதிவிட்டது; இனி ஒன்றும் செய்ய முடியாது. துண்டால் கட்டிவிட்டேன். கை நன்றாக இருந்தது. வலது கையைச் சுற்றிப் பாலித்தீன் பையில் சின்னத் துண்டுகளாகப் போட்டுக் கட்டினேன். பை தீரத் தீர மாற்றினேன். கூட இருந்து மாற்றியவள் ராசாத்தி. எதற்கு என்று கேட்கவில்லை.

தங்கவேலு ரெண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்றார். பிறகு மூணு என்றார். பிறகு மணி சொல்லவில்லை.

ஈஸ்வரி வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. செருப்பு ஒன்றுதான் இருந்தது. அட்டை கடித்த இடத்தில் இருந்து ரத்தம் கணுக்கால் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. புருசன் பின்னால் வந்து பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"தொறங்க. அப்பாவப் பாக்கணும்."

தங்கவேலு முன்னால் வந்தார். "வேணாம் ஆத்தா. நீ பாத்து வச்ச மொகம் அப்படியே இருக்கட்டும்."

"மலையில இருந்து நடந்தே எறங்கி வந்திருக்கேன் சித்தப்பா."

"தெரியுது ஆத்தா."

"போன்லயே பாத்திருப்பேன். நேர்ல பாக்கணும்னுதான் வேணாம்னேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியைத் திறப்பது நான்தானே.

"தாயி, மொகத்தப் பாக்காத. கையப் பிடிச்சுக்க" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். மூடியைப் பக்கவாட்டில் பாதி நகர்த்தினேன். பையை அவிழ்த்து, கையை எடுத்து, ஈரம் துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பிடித்தபடியே சொன்னாள்.

"வெடியக்காலம் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா கை இப்படித்தான் இருக்கும். என் கன்னத்துல வச்சு சூடு பண்ணிக்குவாரு."

அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசியைத் துண்டுக்கு மேலேயே போட்டாள். வாசலில் எடுக்கும்போது என் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"பெட்டி ஏண்ணே நின்னுச்சு?"

"வோல்டேஜ்மா."

பக்கத்தில் வீரம்மா நின்றார். நனைந்த கம்பளி தோளில் கிடந்தது.

பெட்டியைக் கடையில் இறக்கினேன். முதலாளி கால்மாட்டுத் தகரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே காற்றாடியில் கறுப்பு ரோமம் சுற்றியிருந்தது. விரலால் இழுத்தார். கொஞ்சம் சிவப்பும் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"நான் வோல்டேஜுன்னு சொல்லிட்டேன்."

ரோமத்தை உருட்டி வெளியே சாக்கடையில் போட்டார். கை கழுவினார். போனை எடுத்துத் தங்கவேலுவுக்குப் போட்டார்.

"ஆமாங்க. பெட்டிதான் பழுது. எங்க மேலதான் தப்பு. வாடகை வேணாம்" என்றார். அந்தப் பக்கம் இருந்து ரொம்ப நேரம் திட்டு வந்தது. போனைக் காதிலேயே வைத்திருந்தார். முடிந்த பிறகுதான் எடுத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து யாரும் எங்களிடம் பெட்டி கேட்டு வரவில்லை. சீனி பெட்டி நடுவுல நின்னுரும் என்று பேச்சு. முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இறக்கும் வரைக்கும் பேசவில்லை. அவரையும் அதே பெட்டியில்தான் வைத்தோம். காயில் மாற்றியிருந்தேன். நன்றாக ஓடியது.

வேலையை விட்டு நின்று சில வருசம் ஆகிவிட்டது. இந்த மழைக்கு வீரம்மா இறந்துவிட்டார். ஈஸ்வரி இப்போது ராசிங்காபுரத்திலேயே இருக்கிறாள். தோட்டத்து வேலையை விட்டுவிட்டாள். போன் போட்டுச் சொன்னாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் கடைப் புதுப் பெட்டிதான். கடை ஆட்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சத்தம் குறைவு. காதை வைத்துக் கேட்டேன். சரியாக இருந்தது. தனிப் பிளக்கா என்று பார்த்தேன். தனிப் பிளக்தான். மாலையைத் தலைமாட்டில் வைத்தேன். வீரம்மா முகம் நன்றாக இருந்தது.

தலைமாட்டுக்குக் கீழே, தரையில், அந்தக் கம்பளி மடித்து வைத்திருந்தது. சிவப்புக் கோடு வெளுத்துப் போயிருந்தது.

ஈஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் நரைத்துவிட்டது.

"கால்மாட்டுல போடலண்ணே" என்றாள்.

நான் கம்பளியைப் பார்த்தேன்.

"அப்பாவுக்குப் பதினாறு கும்பிட்டுத் துணியெல்லாம் தொவச்சேன். கம்பளியில கம்பி கம்பியா கறுப்பு அழுக்கு. சன்னல் கம்பி பதிஞ்ச மாதிரி. தொவச்சும் போகல. அப்பத்தான் தெரிஞ்சது."

"ஆத்தாகிட்டக் கேட்டியா?"

"கேக்கல. அம்மாதான் ஒரு நாள் கேட்டுச்சு. நான் போத்துனதுனாலதான் பெட்டி நின்னுச்சான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன். வோல்டேஜுன்னு."

"நம்புச்சா?"

"'பெட்டிக்காரத் தம்பியும் அப்படித்தான் சொன்னான்'னுச்சு. அதுக்கப்புறம் கேக்கல. ஆனா அந்தக் கம்பளியப் போத்தவும் இல்ல. எவ்வளவு குளிருன்னாலும் சேலயத்தான் போத்திக்கிட்டுப் படுக்கும்."

கொட்டு அடிக்க ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஈஸ்வரி உள்ளே போய்க் கண்ணாடிமேல் ரெண்டு கையையும் வைத்து உட்கார்ந்தாள்.

நான் கால்மாட்டுக்குப் போனேன். கம்பியில் ஒன்றும் இல்லை. மாலை இல்லை, துணி இல்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

நாலு.